பாலைவனப் பூவின் தண்ணீர்க் கணக்கு

சென்ற மாதம் படிவம் நான்கு வகுப்பில் நீராவிப்போக்கு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாகவே வெளியேறிவிடுகிறது என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், இலைக்கே இவ்வளவு தண்ணி செலவுன்னா, மழையே இல்லாத இடத்துல ஒரு செடி பூ வேற எதுக்குப் பூக்குது? அது வீண் செலவுதானே?"

நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று அவளுக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது. மீதியை இங்கே சொல்கிறேன். அதற்காக உங்களை ஒரு நீண்ட நடைக்கு அழைத்துப் போகிறேன். முதுகுப்பையைச் சுமந்து, பள்ளத்தாக்கின் அடியில் இரண்டு இரவுகள் தங்கி, மூன்றாம் நாள் ஏறி வரும் நடை. இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன்.

கொலராடோ ஆறு அறுத்து உருவாக்கிய இந்தப் பெரும் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். படங்களில் பார்த்தால் சிவந்த பாறையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால், 1919இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில் 1,700க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. ஆற்றையொட்டிய அடிப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 250 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூரில் நவம்பர் மாதம் மட்டுமே அந்த அளவுக்குப் பெய்துவிடும்.

இங்கே பூவைக் கண்டுபிடிக்க நல்ல கண் மட்டும் போதாது. மூன்று கேள்விகளைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். தண்ணீர் எங்கே? மணி என்ன? விருந்தாளி யார்? ஒவ்வொரு பூவையும் இந்த மூன்று கேள்விகளோடு பாருங்கள். அது எங்கே, எப்போது, யாருக்காகத் தன் நீரைச் செலவு செய்கிறது என்பது விளங்கும்.

தலைகீழ் மலை

சவுத் கைபாப் என்ற தடத்தில் இறங்குவோம். தெற்கு விளிம்பில் தொடங்கும் இந்தத் தடம், சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,450 மீட்டர் கீழே இறங்கி ஆற்றை அடைகிறது. கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து கடல் மட்டம் வரை உள்ள உயரத்தை ஒரே காலையில் நடந்து இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மலையில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். இங்கே அது தலைகீழ். காலையில் இறக்கம் சுலபமாக இருக்கும். கடினமான ஏற்றம் கடைசியில்தான் காத்திருக்கும். வெப்பமும் அப்படித்தான். நம் நாட்டு ஈரக்காற்றில் 1,000 மீட்டர் இறங்கினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் உயரும். உலர்ந்த காற்றில் அதே இறக்கத்திற்கு 10 டிகிரி வரை உயரும். விளிம்பில் கம்பளிச் சட்டை தேவைப்படும் ஏப்ரல் காலையில், கீழே ஆற்றோரம் வியர்த்துக் கொட்டும்.

இதனால் பூ தேடுபவருக்கு ஒரு வசதி உண்டு. இறங்க இறங்க நீங்கள் நாட்காட்டியையும் புரட்டுகிறீர்கள். மார்ச், ஏப்ரலில் ஆற்றோரம் பூத்துக் குலுங்கும்போது, விளிம்பில் வசந்தம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். மே, ஜூனில் விளிம்பில் பூக்கும் காலம் வரும்போது, கீழே பெரும்பாலான ஓராண்டுச் செடிகள் விதையாகிக் காய்ந்திருக்கும். ஜூலைக்குப் பிறகு கோடை இடிமழை வந்தால், இன்னொரு சுற்றுப் பூக்கள் வரும்.

1889இல் கிளின்டன் ஹார்ட் மெர்ரியம் என்ற இயற்கை ஆய்வாளர் இந்தப் பகுதிக்கு வந்தார். அருகிலுள்ள சான் பிரான்சிஸ்கோ மலைச்சிகரங்களில் ஏறினார். இந்தப் பள்ளத்தாக்கிலும் இறங்கிப் பார்த்தார். உயரம் மாற மாற உயிரினங்கள் மாறும் விதம், தெற்குப் பாலையிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தால் காணும் மாற்றத்தைப் போலவே இருப்பதை அவர் கவனித்தார். 'வாழ்மண்டலங்கள்' என்று அவர் வகுத்த கருத்து இங்கிருந்துதான் பிறந்தது. அதை நீங்கள் ஒரே நாளில், உங்கள் சொந்தக் கால்களால் சரிபார்த்துக்கொள்ளலாம். விளிம்பில் பைன் மரங்கள். இடையில் குட்டை மரங்களும் புதர்களும். அடியில் கள்ளியும் முட்செடியும்.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கே?

தடத்தின் கீழ்ப்பகுதியில், வெயில் காயும் பாறைச் சரிவுகளில், சாம்பல் கலந்த வெள்ளை இலைகளோடு உருண்டையான புதர்கள் தென்படும். அவற்றின் மேல் மஞ்சள் பூக்கள் நீண்ட காம்புகளில் நிற்கும். பிரிட்டில்புஷ் என்பது அதன் பெயர், சூரியகாந்திக் குடும்பம். இலையை உற்றுப் பாருங்கள். அந்த வெண்மை, இலையின் மேல் போர்த்திய நுண்மயிர்களின் நிறம். அவை வெயிலில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இலை குளிர்ச்சியாக இருந்தால் நீராவிப்போக்கு குறையும். மழைக்காலத்தில் துளிர்க்கும் இலைகளில் மயிர் குறைவு, பசுமை அதிகம். வறட்சி கூடும்போது வரும் இலைகளில் மயிர் அடர்த்தி. ஒரே செடி, காலத்துக்கேற்ப இருவகை இலை தைத்துக்கொள்கிறது. பூக்களுக்கான நீர் இந்தச் சிக்கனத்தில்தான் மிஞ்சுகிறது.

சற்றுத் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் சிறு கிண்ணம் போன்ற பூக்கள். குளோப் மல்லோ. இதை நீங்கள் எளிதில் அடையாளம் காணலாம், ஏனென்றால் இதன் சொந்தக்காரர் நம் தேசிய மலர். செம்பருத்திப் பூவின் நடுவில் நீண்டு நிற்கும் தண்டில் மகரந்தத் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே அமைப்பு இந்தச் சின்னப் பூவிலும் குட்டையாக இருக்கும். ஐந்து இதழ்களும் நடுவில் அந்தத் தண்டும் தெரிந்தால் செம்பருத்திக் குடும்பம் என்று தயங்காமல் குறித்துக்கொள்ளுங்கள். சில தனித்தேனீக்கள் இரவில் இந்தக் கிண்ணத்துக்குள் சுருண்டு உறங்கும். அதிகாலையில் நடப்பவர் ஒவ்வொரு பூவுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது நல்லது.

உயர்ந்த மஞ்சள் கதிராக நிற்கும் பிரின்சஸ் பிளூம் கடுகுக் குடும்பம். நான்கு இதழ்கள் சிலுவை போல அமைந்திருக்கும். இது மண்ணிலுள்ள செலீனியத்தை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துவைக்கும். கொலராடோ மேட்டுநிலத்தில் யுரேனியத் தாது பல இடங்களில் செலீனியத்தோடு சேர்ந்து கிடக்கிறது. அதனால் 1950களில் யுரேனியம் தேடி அலைந்தவர்கள் செலீனியத்தை விரும்பும் செடிகளையும் அடையாளமாகக் கொண்டார்கள். பூ, மண்ணுக்கு அடியில் இருப்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இவை வேரூன்றி ஆண்டுக்கணக்கில் வாழும் செடிகள். ஓராண்டுச் செடிகளின் கணக்கு வேறு. அவை வறட்சியைத் தாங்குவதே இல்லை. விதையாகி மண்ணுக்குள் உறங்கிவிடுகின்றன. எப்போது விழிப்பது என்பதுதான் அவற்றின் உயிர்ப்பிரச்சினை. ஒரு தூறலை நம்பி முளைத்து, அடுத்த மழை வராவிட்டால் பூக்காமலேயே மடிய வேண்டும்.

ஆக்சின் பற்றிப் படித்த மாணவர்களுக்கு ஃபிரிட்ஸ் வென்ட் என்ற பெயர் நினைவிருக்கலாம். ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு கலிபோர்னியா சென்றவர் அவர். அங்கே பாலைவன மண்ணை விதைகளோடு ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து நீர் ஊற்றிப் பார்த்தார். மண்ணை அடியிலிருந்து நனைத்தபோது விதைகள் அசையவில்லை. அதே மண்ணின் மேல் 25 மில்லிமீட்டர் மழையைப் போலத் தூவியபோது முளைத்தன. பல விதைகளின் உறையில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் உண்டு. போதுமான மழை மேலிருந்து விழுந்து அதைக் கழுவிப் போனால்தான் கதவு திறக்கும். விதை தன்னிடமே ஒரு மழைமானியை வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

அப்படி நல்ல மழை பெய்தாலும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. அரிசோனாவின் டூசான் நகரில், 1903இல் நிறுவப்பட்ட பாலைவன ஆய்வுக்கூடத்தின் நிலத்தில், லாரன்ஸ் வெனபிள் என்ற தாவரவியலாளர் 1980களின் தொடக்கம் முதல் இதை ஆண்டுதோறும் எண்ணி வந்தார். ஒவ்வோர் இனமும் தன் விதைகளில் ஒரு பகுதியை மட்டுமே அந்தந்த ஆண்டுக்குச் செலவிடுகிறது. மீதி மண்ணில் சேமிப்பு. எந்த இனத்திற்கு ஆண்டுக்கு ஆண்டு அதிர்ஷ்டம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்த இனம் அதிகம் சேமிக்கிறது. சம்பளம் நிலையில்லாதவர் வங்கியில் கூடுதலாகப் போட்டுவைப்பதைப் போல.

ஆகவே, நீங்கள் போன ஆண்டு பூக்கள் குறைவாக இருந்தால், அந்த இடம் வெறுமையானது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் காலடி மண்ணில் பல ஆண்டுகளின் விதைகள் உறங்கிக்கொண்டிருக்கும்.

அகேவ் என்ற செடியோ ஒரே ஒரு முறை செலவு செய்யும். நம் ஊரில் ஆனைக்கற்றாழை என்போமே, அதன் உறவு. முள் நுனி கொண்ட தடித்த இலைகளின் கொத்தாகப் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். சேர்த்த நீரும் மாவுச்சத்தும் போதுமென்று ஆனதும், மூன்று நான்கு மீட்டர் உயரத்திற்கு ஒரு தண்டை அனுப்பி, அது நிறையப் பூத்து, விதை கொடுத்து, செத்துவிடும். தடத்தோரம் காய்ந்த கம்பம் போல நிற்பவை அப்படி வாழ்ந்து முடித்தவை. பூப்பதற்கு முந்தைய நிலையில் அதன் நடுப்பகுதியில் சர்க்கரைச் சத்து மிகுந்திருக்கும். இப்பகுதியின் பூர்வகுடி மக்கள் அதைக் குழியில் சுட்டு உண்டார்கள். அந்தச் சூட்டுக் குழிகள் பள்ளத்தாக்கில் இன்றும் காணப்படுகின்றன.

முதல் கேள்விக்கு மிக அழகான விடை பாறைக்கசிவுகளில் இருக்கிறது. மேட்டுநிலத்தில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே இறங்குகின்றன. கீழே பிரைட் ஏஞ்சல் ஷேல் என்ற களிப்பாறை அடுக்கு நீரை எளிதில் உள்ளே விடாது. இறங்க வழியில்லாத நீர் பக்கவாட்டில் ஓடி, பாறைச் சுவரில் கசிந்து வெளிவரும். அங்கே ஒரு தொங்குதோட்டம் உருவாகிவிடும். நம் வீட்டுக் குளியலறைச் சுவரோரம்கூட முளைக்கும் மெல்லிய கருங்காம்புப் பெரணி, நீண்ட வால்களோடு தொங்கும் மஞ்சள் காலம்பைன், செந்நிற மங்கிஃபிளவர். பத்தடி தள்ளிக் கள்ளி நிற்கும், இங்கே பெரணி. மேட்டில் நிலத்தடி நீர் குறைந்தால் இந்தச் சுவர்த் தோட்டங்கள்தான் முதலில் காயும்.

இரண்டாம் கேள்வி: மணி என்ன?

பகல் முழுவதும் பூவே இல்லை என்று சலித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விடுகிறவர்கள் பாதிக் காட்சியைத் தவறவிடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பல பூக்கள் சூரியன் சாய்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

இதற்கு உதாரணம் நம் வீட்டு வேலியோரமே இருக்கிறது. அந்திமந்தாரையை மலாய்க்காரர்கள் 'புங்கா புக்கூல் அம்பாட்', அதாவது நாலு மணிப்பூ என்கிறார்கள். அதன் பேரினம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தின் காட்டு உறவு ஒன்று இங்கே சரிவுகளில் கருஞ்சிவப்புப் பூக்களோடு படர்ந்திருக்கும். அதுவும் பிற்பகலில்தான் திறக்கும்.

அடுத்தது ஊமத்தை. நாம் அறிந்த ஊமத்தையின் மிக நெருங்கிய உறவு இங்கே தடத்தோரங்களில் தாராளமாக வளர்கிறது. மாலையில் வெள்ளைக் குழல் போன்ற மொட்டு சுருள் பிரிந்து, கையளவுக்கும் பெரிய எக்காளமாக விரியும். மறுநாள் வெயில் ஏறியதும் வாடிச் சுருங்கும். இருட்டில் வெண்மையும் மணமும்தான் அதன் விளம்பரப் பலகை. நடுப்பகல் வெயிலில் இவ்வளவு பெரிய, மெல்லிய இதழை விரித்து வைத்தால் நீர் எவ்வளவு வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இதன் வேர், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற வேதிப்பொருள்கள் இதயத்துடிப்பையும் புத்தியையும் தடுமாற வைக்கும், உயிரையும் பறிக்கும். மலாயில் 'கெச்சுபோங்' என்று சொல்லப்படும் நம் பகுதி ஊமத்தைக்கும் இது பொருந்தும். முகர்ந்து பார்க்க முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மணம் தானாகவே உங்களைத் தேடி வரும்.

கள்ளியின் நேரக்கணக்கு கண்ணுக்குத் தெரியாதது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கும். கள்ளி இரவின் குளிர்ச்சியில் திறந்து வாங்கி, அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்தச் சேமிப்பிலிருந்து சர்க்கரை தயாரிக்கும். ஜொகூரில் விளையும் அன்னாசியும் இதே முறையைக் கையாள்கிறது. சந்தையில் வாங்கும் டிராகன் பழமும் ஒரு கள்ளியின் பழம்தான். அதன் பெரிய வெள்ளைப் பூ இரவில் விரிந்து காலையில் வாடுவதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

மூன்றாம் கேள்வி: விருந்தாளி யார்?

மாணவியின் கேள்விக்கு இப்போது நேராக வருவோம். பூ வீண் செலவா? செடியால் நடக்க முடியாது. தன் மகரந்தத்தைத் தூரத்திலுள்ள இன்னொரு செடிக்கு அனுப்ப அது ஒரு தூதரை அமர்த்த வேண்டும். பூவும் தேனும் அந்தத் தூதருக்குக் கொடுக்கும் கூலி. பாலைவனத்தில் கூலி கொடுப்பது கடினம். ஆகவே, யாருக்குக் கொடுப்பது என்பதில் பூக்கள் மிகவும் கறார்.

நீண்ட சிவப்புக் குழல் வடிவில் பூ தொங்கினால், விருந்தாளி ரீங்காரச் சிட்டு. நம் தேன்சிட்டு செய்யும் வேலையை அமெரிக்கக் கண்டத்தில் செய்யும் மிகச் சிறிய பறவை அது. தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பறவைக்கு நன்றாகத் தெரியும். பென்ஸ்டிமன் என்ற செடியின் சிவப்புக் குழல்களும், கிளாரட் கப் என்ற கள்ளியின் அடர்சிவப்புக் கிண்ணங்களும் இப்படித்தான். மஞ்சள், ஊதா நிறத்தில் அகலமாகத் திறந்த பூ என்றால் பெரும்பாலும் தேனீக்களுக்கானது. வெள்ளையாக, மணத்தோடு, மாலையில் திறந்தால் அந்துப்பூச்சிக்கானது.

ஊமத்தையின் விருந்தாளி ஹாக்மாத் என்ற பெரிய அந்துப்பூச்சி. சுருட்டி வைத்திருக்கும் நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டி, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். மகரந்தத்தைச் சுமந்து செல்லும். ஆனால் போகிற போக்கில் அதே செடியின் இலையில் முட்டையும் இடும். பொரிந்து வரும் புழு ஊமத்தை இலையைத் தின்றே வளரும். தூதருக்குக் கூலியும் கொடுத்து, அவர் பிள்ளைகளுக்குச் சோறும் போட வேண்டிய நிலை ஊமத்தைக்கு.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற வெள்ளைப் பூவும் மாலையில் மலரும். மறுநாள் காலையில் இளஞ்சிவப்பாகிச் சுருங்கும். தேன் ஊறியிருக்கும் புதிய பூவின் வாயருகே காற்று சற்றே ஈரமாக இருக்கும். அந்த நுண்ணிய ஈரப்பத வேறுபாட்டை ஹாக்மாத் உணர்ந்து, ஈரமான பூவையே தேர்ந்தெடுக்கிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாலைவனத்தில் ஈரம் என்பதே ஒரு செய்தி.

சப்பாத்திக்கள்ளி பூத்திருந்தால் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புப் பூவுக்குள் தேனீ இறங்கியதும், நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் உள்நோக்கி மெல்ல மடங்கும். தொட்டாற்சிணுங்கியின் இலையைப் போல, தொடுகைக்கு அசையும் பூ. தேனீ மகரந்தக் குவியலுக்குள் புரண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கும். ஒரு பூ பெரும்பாலும் ஒரே நாள்தான் இருக்கும். ஆகவே, வந்த விருந்தாளியை வெறும் உடம்போடு அனுப்ப அதற்கு மனம் வராது.

படகில் சென்ற இருவர்

இந்தப் பூக்களின் பெயர்ப்பட்டியலுக்குப் பின்னால் ஒரு துணிச்சலான கதை உண்டு. 1938 கோடையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரு பெண் தாவரவியலாளர்கள், நார்மன் நெவில்ஸ் என்ற படகோட்டியின் குழுவோடு யூட்டா மாநிலத்தின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து மரப்படகுகளில் புறப்பட்டார்கள். 10 ஆண்டுகளுக்கு முன்புதான் பெஸ்ஸி ஹைட் என்ற இளம் பெண் தன் கணவரோடு இதே ஆற்றில் படகில் போய்க் காணாமல் போயிருந்தார். பெண்களுக்கு இந்தப் பயணம் ஆகாது என்று பத்திரிகைகளும் பலரும் பேசினார்கள்.

இருவரும் 40 நாள்களுக்கு மேல் பயணம் செய்து மீட் ஏரியை அடைந்தார்கள். கொலராடோ ஆற்றின் வழியே கிராண்ட் கேன்யனை முழுவதும் கடந்த முதல் பெண்கள் அவர்களே. வழிநெடுக, களைத்த உடம்போடு செடிகளைச் சேகரித்துத் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தினார்கள். 1944இல் அவர்களின் தாவரப் பட்டியல் வெளியானது. மேலே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் வந்த வசந்தகால வெள்ளம் நின்று, ஆற்றோரத் தாவரங்கள் மாறிவிட்டன. மாற்றத்திற்கு முன் அங்கே என்ன வளர்ந்தது என்று இன்று நாம் சொல்ல முடிவதற்கு அந்த இருவரின் குறிப்புகளும் காரணம். நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் தேதியும் இடமும் நாளை ஒருவருக்குப் பயன்படலாம்.

உங்கள் சொந்தக் கணக்கு

இப்போது உங்கள் உடம்பின் தண்ணீர்க் கணக்கு. பூக்களை எண்ணிக்கொண்டே இறங்குபவர் இதை மறந்துவிடுவார். ஆண்டுக்கு 250க்கும் மேற்பட்டோரைப் பூங்காக் காவலர்கள் பள்ளத்தாக்கிலிருந்து மீட்கிறார்கள். கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரே நாளில் ஆறு வரை இறங்கி மேலே திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா எச்சரிக்கிறது. சவுத் கைபாப் தடத்தில் குடிநீர் கிடையாது. நிழலும் மிகக் குறைவு. ஆகவே, அதில் இறங்கி, பிரைட் ஏஞ்சல் தடத்தில் ஏறுவது பலரின் வழக்கம். ஏறும் வழியில் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற ஊற்றுச் சோலை உண்டு. அங்கே பயிர் செய்து வாழ்ந்து, பின்னர் வெளியேற்றப்பட்ட ஹவாசுபாய் மக்களின் நினைவாக 2022இல் அந்த இடத்திற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. எந்தக் குழாயில் நீர் வருகிறது என்பதைப் புறப்படும் நாளில் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டும் வேண்டும்.

பூக்கள் காட்டும் வழியைப் பின்பற்றினாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கள்ளி துளைகளை மூடிக்கொள்வதைப் போல நீங்களும் நிழலில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதோடு உப்புள்ள தின்பண்டமும் உண்ணுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம்.

தடத்தை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகாதீர்கள். கறுத்துப் புடைத்த மேலோடு போல மண் தெரிந்தால், அது உயிருள்ள மண். நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, லைக்கன் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து, ஈரத்தையும் விதைகளையும் காப்பாற்றும் போர்வை. ஒரு காலடி உடைத்ததை அது திரும்பக் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். புறப்படுமுன் காலணியின் அடிப்பகுதியையும் துலக்குங்கள். வெளியிலிருந்து விதைகளாக ஒட்டி வந்த புற்கள், பூக்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, காய்ந்து தீயையும் பரப்புகின்றன. தேசியப் பூங்காவில் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, ஓராண்டுச் செடி ஒன்றின் பூவைப் பறித்தால், பல ஆண்டு காத்திருந்து அது செய்த ஒரே செலவை நீங்கள் வீணாக்குகிறீர்கள்.

அரிசோனா வரை போக எல்லாருக்கும் வாய்ப்பு அமையாது. வேலியோர அந்திமந்தாரை எல்லாருக்கும் கிடைக்கும். ஒரு வாரம், தினமும் மாலை 3 மணி முதல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, எத்தனை மொட்டுகள் திறந்தன என்று எண்ணுங்கள். வெயில் நாள், மேகமூட்டமான நாள், மழை நாள் என்று தனித்தனியே குறியுங்கள். இருட்டிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஏழு நாள் முடிவில் உங்கள் கையில் ஓர் அட்டவணை இருக்கும்.

அந்த மாணவியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டில் செடி இருக்கிறதாம். முதல் நாள் மேகமூட்டமாக இருந்ததால் பூக்கள் முன்னதாகவே திறந்துவிட்டன என்று குறித்து வந்தாள். ஏன் என்று நான் சொல்லவில்லை. மீதி ஆறு நாளும் பார்த்துவிட்டு, அவளே சொல்லட்டும்.